பேசாமல் பார்த்த படம்

வெர்னெட்டா ஸ்பாட்ஸ் சனிக்கிழமை மத்தியானமே வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு தேவாலயத்துக்குள் நுழைந்ததைப் பார்த்த கில்லியட் தெரு, யார் செத்தது என்றுதான் முதலில் விசாரித்தது. ஞாயிறு ஆராதனை, அடக்க ஆராதனை இரண்டையும் தவிர வேறெதற்கும் அவள் அந்தக் கையுறையை வெளியே எடுப்பதில்லை.

யாரும் சாகவில்லை. படம் போடப் போகிறார்கள், அவ்வளவுதான்.

ஒரு வாரமாகவே சலவைக் கடைக் கண்ணாடியிலும் முடிதிருத்தும் கடைக் கதவிலும் அறிவிப்பு ஒட்டியிருந்தது. வெள்ளையர் அல்லாத இளம் இயக்குநர்களின் குறும்படங்கள், தேவாலயக் கூடத்தில், மாலை ஐந்து மணிக்கு, அனுமதி இலவசம், முடிந்ததும் பொரித்த மீன். கடைசி வரியைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னவர் சபைக் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் டீக்கன் டிப்ஸ். படத்துக்கு வராதவன் மீனுக்கு வருவான் என்பது அவர் கணக்கு.

"வெள்ளைக்காரங்க அல்லாதவங்க எடுத்ததுன்னா, எங்க மருமகன் எடுத்த கல்யாண வீடியோவையும் போடுங்கம்மா. அதுல அடிதடியே இருக்கு" என்று நாற்காலி விரித்துக்கொண்டே சொன்னார் டீக்கன்.

"டீக்கன், இன்னைக்கு வர்றவங்க யாருன்னு தெரியுமில்ல?" என்றாள் வெர்னெட்டா. "தயவுசெஞ்சு கொஞ்சம் மரியாதையா இருங்க."

வரப்போகிறவர் ஹோல்பிரூக் அம்மையார். டவுனில் உள்ள ஒரு கலை அறக்கட்டளையிலிருந்து வருகிறார். திரையும் புரொஜெக்டரும் அவர்கள் இரவல் கொடுத்தவை. வெள்ளைக்காரம்மா. அவருக்காக வெர்னெட்டா முதல் வரிசையில் மெத்தை வைத்த நாற்காலி ஒன்றைப் போட்டு, அதில் யாரும் உட்கார்ந்துவிடாமல் தன் கைப்பையை வைத்திருந்தாள்.

கறுப்பர்கள் வாழும் எங்கள் மேற்கு டேட்டனில் வெர்னெட்டாவைத் தெரியாதவர்கள் இல்லை. ஆராதனையில் இடம் காட்டி உட்கார வைக்கும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடித்து வைத்துக்கொண்டு சுவரோரம் நிற்பாள். அந்தப் பக்கம் ஒரு பிள்ளை சூயிங்கம் மென்றால் இந்தப் பக்கமிருந்தே ஒரு பார்வை போகும், பிள்ளை விழுங்கிவிடும். வாரநாட்களில் டவுனில் இருக்கும் பெரிய இசையரங்கில் டிக்கெட் கொடுக்கிற வேலை. அங்கே வயலின் வாசிக்கும்போது இருமல் வந்தால்கூட வாயில் மிட்டாயைப் போட்டு அடக்குவார்களாம். இதை அவள் சொல்லிச் சொல்லி எங்களுக்கே தொண்டை அரித்தது.

ஆனால் அன்றைய கையுறை ஹோல்பிரூக் அம்மையாருக்காக மட்டும் இல்லை. ஜொனெலுக்காகவும்தான்.

ஜொனெல் வெர்னெட்டாவின் அக்கா மகள். அக்கா ஃபுளோரிடாவுக்கு வேலை மாறிப் போனபோது, பள்ளி முடிக்கும்வரை பெண் வெர்னெட்டா வீட்டில்தான் வளர்ந்தாள். பிறகு சிக்காகோவில் சினிமா படித்தாள். அவள் எடுத்த முதல் படத்தை அங்கே ஒரு விழாவில் போட்டார்கள். எல்லோரும் கடைசிவரை கம்மென்று உட்கார்ந்திருந்துவிட்டு, கை தட்டிவிட்டுப் போனார்களாம். தொலைக்காட்சிக்காரர்கள் மட்டும் வாங்கிக்கொள்ள முன்வந்தார்கள். ஒரே நிபந்தனை: நடுநடுவே யாரும் பேசாமல் சும்மா கிடக்கிற இடங்களை எல்லாம் வெட்டிவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெர்னெட்டாவின் சமையலறையில் உட்கார்ந்து ஜொனெல் இதைச் சொன்னாள். "திங்கக்கிழமை அவங்களுக்குப் பதில் சொல்லணும் ஆன்ட்டி. நம்மாளுங்க பாக்கட்டும், அப்புறம் சொல்லிக்கிறேன்னு இருக்கேன்."

"நம்மாளுங்களுக்கு என்னடி தெரியும் படத்தப் பத்தி?"

"அவங்களுக்குத்தான் தெரியும். அவங்க உக்காந்து பாக்கும்போதுதான் என் படம் முழுசாகும்."

வெர்னெட்டா அதை ஒரு மரியாதைப் பேச்சாக எடுத்துக்கொண்டாள். ஊரை விட்டுப் போன பிள்ளைகள் திரும்பி வந்து சொல்கிற மாதிரியான பேச்சு.

"எனக்கு முன்னாடியே போட்டுக் காட்டேன்."

"உங்களுக்குத் தனியா காட்ட மாட்டேன்." ஜொனெல் சிரித்தாள். "கூட்டத்தோட பாருங்க."

அன்று ராத்திரி வெர்னெட்டாவுக்கு ஓடிய யோசனை ஒன்றே ஒன்றுதான். நம்மாட்கள் எப்படி நடந்துகொள்வார்களோ! மிஸ் லுவீனியா ஒருத்தி போதும். தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறவனுக்கே பதில் சொல்கிறவள் அவள். வெளியூர் போய்ப் படித்துவிட்டு வந்த பெண்ணின் படத்துக்கு நடுவில், டவுனிலிருந்து வந்த அம்மையாரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு லுவீனியா வாயைத் திறந்தால் மானம் கப்பலேறிவிடும். பெண்ணுக்காக அதைத் தடுத்தே தீருவது என்று முடிவு செய்துகொண்டு தூங்கினாள்.

ஐந்து மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. கீழே சமையற்கட்டில் மீனுக்கு மாவு கலக்கும் வாசனை மேலேவரை வந்தது. ஹோல்பிரூக் அம்மையார் மெல்லிய சாம்பல் நிறக் கோட்டில் வந்து, கைப்பை எடுக்கப்பட்ட நாற்காலியில் அமர்ந்து, எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்தார். ஜொனெல் பின்வரிசையில், கம்ப்யூட்டரை இயக்கிய பிரதர் எல்மோருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கூட்டத்தின் தலைகளைப் பார்க்க வேண்டும் என்றாள்.

முதல் படம் எஃப்ரென் என்ற மெக்சிகோக்காரப் பையனுடையது. கிழக்கு டேட்டனில் அவன் அப்பா டயர் கடை வைத்திருக்கிறார். படத்தில் ஒருவன் வழுவழுவென்று தேய்ந்த டயரைக் கொண்டுவந்து, இதையே திரும்ப மாட்டிக் கொடு என்று அப்பாவிடம் அடம்பிடிக்கிறான்.

"மாட்டாதய்யா! சாவான் அவன்!" என்றாள் மிஸ் லுவீனியா.

"சாகட்டும், காசைக் குடுத்துட்டுச் சாகட்டும்" என்றார் டீக்கன் டிப்ஸ்.

கூடம் சிரித்தது. எஃப்ரென் முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தான். பல்லெல்லாம் தெரிந்தது. வெர்னெட்டா நின்ற இடத்திலிருந்து அவன் பிடரிதான் தெரிந்ததே தவிர பல் தெரியவில்லை. தொந்தரவு தாங்காமல் திரும்புகிறான் என்று நினைத்துக்கொண்டாள். அதே நேரம் ஹோல்பிரூக் அம்மையாரும் லேசாகத் தலையைத் திருப்பினார். போதாதா?

வெர்னெட்டா விறுவிறுவென்று நடுவழியில் நடந்து போய், எல்மோரைப் பார்த்துக் கையுறைக் கையைத் தூக்கினாள். படம் நின்றது. விளக்கு எரிந்தது.

"இங்க வந்திருக்கிற கலைஞர்களுக்கு நாம ஒரு மரியாதை காட்டணும்" என்றாள், இசையரங்கில் அறிவிப்பு வாசிக்கும் குரலில். "படம் ஓடும்போது யாரும் பேசக்கூடாது. மிஸ் லுவீனியா, இது உங்க வீட்டு ஹால் இல்ல."

மிஸ் லுவீனியாவுக்கு வெர்னெட்டாவைவிட இருபது வயது கூட. வெர்னெட்டாவின் ஞானஸ்நானத்தன்று அவளுக்குத் தலை துவட்டிவிட்டவள். அப்படிப்பட்டவளை ஊர்முன்னால் பேரைச் சொல்லி அதட்டியாயிற்று. லுவீனியா உதட்டை மடித்துக்கொண்டு, கைகளை மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டாள். அவள் வாயை மூடினால் அந்த வரிசை மூடும். அந்த வரிசை மூடினால் கூடமே மூடும். விளக்கை மறுபடி அணைத்தபோது கீழே எண்ணெய் கொதிக்கிற சத்தம்கூட மேலே கேட்டது.

பின்வரிசையிலிருந்து ஜொனெல் பாதி எழுந்தாள். அத்தனை பேர் முன்னால் ஆன்ட்டியை எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டாவது படம் ஒரு கம்போடியப் பெண்ணுடையது. அவள் அம்மா நகப்பூச்சுக் கடையில் குனிந்தபடியே வேலை செய்கிறாள். வாடிக்கையாளர்கள் போனில் அவரவர் குடும்பக் கதையை எல்லாம் அவள் தலைக்குமேல் கொட்டுகிறார்கள். சொல்ல ஆயிரம் இருந்தது. யாரும் சொல்லவில்லை. வெர்னெட்டா சுவரோரமாக நின்று, ஒவ்வொரு வாயாகக் கண்காணித்துக்கொண்டிருந்தாள். டீக்கன் டிப்ஸ் தொண்டையைச் செருமினார். ஒரு பார்வை போனது. டீக்கன் விழுங்கிக்கொண்டார்.

அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஹோல்பிரூக் அம்மையார் கோட்டை எடுத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டார். வேறெங்கோ இன்னொரு நிகழ்ச்சி இருந்ததாம். கூடமே பார்த்தது, வெர்னெட்டா ஒருத்தியைத் தவிர. அவள்தான் வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தாளே. யாராவது சொல்லியிருக்கலாம். ஆனால் பேசக்கூடாது என்று உத்தரவாயிற்றே!

மூன்றாவதாக ஜொனெலின் படம்.

திரையில் ஒரு பெண். பேர் ஆர்லீன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத் தலையலங்காரம் செய்துகொண்டிருக்கிறாள். வாசல் மணி அடிக்கிறது. ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்க்கிறாள். வெளியே பனி. படிக்கட்டில் ஒரு பெட்டியோடு அவள் புருஷன் நிற்கிறான்; விட்டுவிட்டுப் போனவன், திரும்பி வந்திருக்கிறான்.

வாய்களைக் கண்காணிப்பதை விட்டு வெர்னெட்டா திரையைப் பார்த்தாள்.

அவள் புருஷன் லமார் அப்படித்தான் வந்தான். க்ளீவ்லாண்டுக்கு இன்னொருத்தியோடு போய் ஒரு வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பனியில், பெட்டியோடு. வெர்னெட்டா கதவைத் திறக்கவில்லை. அவன் மணியை அடித்தான், கதவைத் தட்டினான், பேரைச் சொல்லிக் கூப்பிட்டான், பிறகு படியிலேயே உட்கார்ந்தான். கில்லியட் தெருவில் அன்றைக்கு ஆராதனைக்கு நேரத்துக்குப் போனவர்கள் குறைவு. எல்லோரும் அவரவர் ஜன்னலில் இருந்தார்கள். மாடிப்படியில் பள்ளிக்கூட வயசு ஜொனெல் உட்கார்ந்து சித்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு யாரும் வெர்னெட்டாவிடம் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. எடுக்க விடாத மாதிரி அவள் நின்றாள். யோசித்துப் பார்த்தால் அவள் கையுறை அவ்வளவு வெளுப்பானதே அதற்குப் பிறகுதான்.

திரையில் ஆர்லீன் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு, நேராகக் கூட்டத்தைப் பார்த்தாள்.

"திறக்கட்டுமா?" என்றாள்.

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். புருவத்தைத் தூக்கினாள். இந்த வரிசையைப் பார்த்தாள், அந்த வரிசையைப் பார்த்தாள்.

கூடத்தில் மூச்சுகூட இல்லை.

"நீங்க சொல்றதும் சரிதான்" என்றாள் ஆர்லீன், யாரும் சொல்லாத பதிலுக்கு. "அந்தப் பக்கம் என்ன சொல்றீங்க?"

மறுபடி காத்திருந்தாள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு தலையைத் தலையை ஆட்டினாள்.

டீக்கன் டிப்ஸின் வாய் திறந்தது. வெர்னெட்டா பார்த்தாள். அந்த வாயில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். லமாரின் பெயர் அதில் இருக்கிறது. அவள் ஒற்றை விரலைத் தூக்கினாள். டீக்கன் வாயை மூடிக்கொண்டார்.

விரலை இறக்கும்போதுதான் முன்வரிசையில் மெத்தை நாற்காலி காலியாகக் கிடப்பது கண்ணில் பட்டது.

இதை வெர்னெட்டாவே மறுத்துச் சொல்ல மாட்டாள்: அந்த நேரத்தில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இந்தப் பெண் ஜொனெல் படத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறாள். பிரசங்கி ஒரு வரி சொல்லிவிட்டு ஆமென் வரும்வரை நிற்கிறாரே, அந்த மாதிரி, லுவீனியாவுக்கு, டீக்கனுக்கு, இந்தக் கூடத்துக்கு என்று அளந்து விட்ட இடம். தொலைக்காட்சிக்காரர்கள் சும்மா கிடக்கிறது என்றார்களே, அது இதுதான். அம்மையாரும் போயாயிற்று. இப்போது வெர்னெட்டா ஒரு கையசைத்தால் போதும், கூடம் பொங்கிவிடும்.

அவள் அசைக்கவில்லை. அம்மையாருக்காக ஆரம்பித்த மௌனம் இப்போது அவளுக்கே வசதியாக இருந்தது. இந்த ஒரு படம் இப்படியே முடிந்துவிட்டால் தெரு அவள் கதையைப் பேசாது. கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு நின்றாள்.

திரையில் ஆர்லீன் திடீரென்று இரண்டு கைகளையும் தூக்கி, "அய்யய்யோ, எல்லாரும் ஒரேயடியா கத்தாதீங்க! என்னைக் கொஞ்சம் யோசிக்க விடுங்க!" என்றாள்.

பிணவறைபோல இருந்தது கூடம். யாரோ ஒரு குழந்தை மட்டும், "யாரும்மா கத்துறாங்க?" என்று அம்மாவிடம் கேட்டது. அம்மா அதன் வாயைப் பொத்தினாள்.

வெர்னெட்டாவுக்குப் பின்வரிசையைத் திரும்பிப் பார்க்கத் துணிச்சல் இல்லை. படம் அதன் பாட்டுக்குப் போய், ஆர்லீன் தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு கடைசி முறையாகக் கூட்டத்தைப் பார்க்க, திரை இருண்டது. கை தட்டினார்கள். சாவு வீட்டில் பாடகர் குழுவுக்குத் தட்டுகிற மாதிரி, மெதுவாக, மரியாதையாக.

விளக்கு வந்தது. இயக்குநர்கள் முன்னால் வந்து இரண்டு வார்த்தை பேச வேண்டும். ஜொனெல் மைக்கைப் பிடித்தாள். அழவில்லை, அதுதான் இன்னும் மோசம்.

"பொறுமையா பாத்ததுக்கு நன்றி" என்றாள். "சில இடத்துல நீளம் ஜாஸ்தியா இருக்குன்னு அங்க சொன்னாங்க. நான்தான் கேக்கல. இப்ப நானே பாத்துட்டேன். வெட்டிடறேன். சாரி."

அவள் மைக்கை எஃப்ரெனிடம் கொடுக்கப் போனாள். மேலே நடந்ததை வெர்னெட்டா யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள். கால் தானாக நடந்தது. மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"வெட்ட வேண்டாம்" என்றாள். இசையரங்குக் குரல் எங்கோ போய்விட்டது. "தப்பு என்மேல. நான்தான் எல்லார் வாயையும் மூடினேன். அந்தம்மாவுக்காகன்னு நெனச்சேன். அந்தம்மா எப்பவோ போயிட்டாங்க போல."

"எப்பவோ போயிட்டாங்க" என்றார் டீக்கன் டிப்ஸ். "சொல்லலாம்னுதான் பாத்தேன் சிஸ்டர். நீங்க விரலத் தூக்கிட்டீங்க."

"போனது தெரிஞ்சப்புறமும் உங்களப் பேச விடல, டீக்கன்." வெர்னெட்டா தரையைப் பார்த்தாள். "ஏன்னு உங்களுக்குத் தெரியும். படத்தைப் பாத்தீங்கள்ல?"

கூடத்தில் நாற்காலிகள் முனகின. எல்லோருக்கும் தெரியும். தெரிகிறது என்று காட்டிக்கொள்ளத்தான் யாருக்கும் மனசில்லை. பாதிப் பேர் தங்கள் ஷூவைப் பார்த்தார்கள்.

"மிஸ் லுவீனியா, உங்களை நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க. பிரதர் எல்மோர், ஜொனெல் படத்த இன்னொரு தடவை போடுங்க. எல்லாரும் என்ன தோணுதோ சொல்லுங்க."

"மீன் ஆறிப்போகும்" என்று ஒரு குரல்.

"ஆன்ட்டி, வேண்டாம்" என்றாள் ஜொனெல் மெதுவாக. "விடுங்க."

மிஸ் லுவீனியா கைப்பையைத் திறந்து, ஒரு பெப்பர்மிண்ட் மிட்டாயை எடுத்து, தாளைப் பிரித்து, வாயில் போட்டுக்கொண்டாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். "எனக்கென்னம்மா" என்றாள் கடைசியில். "இது என் வீட்டு ஹால் இல்லையே. போட்டா பாக்கிறேன்."

எல்மோர் போட்டான். சீப்பு, மணி, ஜன்னல், பனி, பெட்டி. வெர்னெட்டா சுவரோரம் போகாமல் நடுவழியிலேயே நின்றுவிட்டாள்.

"திறக்கட்டுமா?" என்றாள் ஆர்லீன்.

கூடம் வாயைத் திறக்கவில்லை. சொன்னபோது மூடுவதற்கும் சொன்னபோது திறப்பதற்கும் அவர்கள் என்ன குழாயா? திரையில் ஆர்லீன் புருவத்தைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அந்த இடைவெளி ஒரு ஊரளவு நீளமாக இருந்தது. இந்தத் தடவையும் இப்படியே போய்விட்டால் திங்கட்கிழமை வெட்டுதான்.

"திறக்காதடி!" என்று கத்தினாள் வெர்னெட்டா.

குரல் உடைந்து, சேவல் குஞ்சு கூவின மாதிரி வந்தது. பொது இடத்தில் அவள் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. அவளுக்கே தன் குரல் யாருடையதோபோல இருந்தது.

"உன்னை யாரு கேட்டா?" என்றாள் மிஸ் லுவீனியா இருட்டிலிருந்து. "நீ திறக்காம இருந்து என்னத்தக் கண்ட?"

யாரோ ஒருத்தர் மூக்கால் சிரித்தார். பிறகு இரண்டு பேர். பிறகு அணை உடைந்தது.

"பாவம், பனியில நின்னான் லமாரு! அவன் காது நீலமாயிடுச்சு, நான் பாத்தேன்!"

"பாவமா? போகும்போது அவ ரேடியோவையும் தூக்கிட்டுப் போனானே, அது பாவமில்லையா?"

"திற, ஆனா சங்கிலியப் போட்டுட்டுத் திற!"

"பெட்டிய வாங்கிட்டுக் கதவ மூடு!"

"நான் அன்னைக்கே சொன்னேன், அவன உள்ள விட்டு ஒரு காப்பி குடுத்து அனுப்பியிருக்கணும்னு."

"யாருகிட்ட சொன்னீங்க டீக்கன்? ஜன்னல்கிட்டயா?"

"அந்தப் பக்கம் என்ன சொல்றீங்க?" என்று திரும்பினாள் ஆர்லீன். அந்தப் பக்கத்து வரிசைகள் இரண்டு மடங்கு கத்தின. அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு தலையை ஆட்ட ஆட்ட, பெண்கள் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். எல்லோரும் ஒரேயடியாகக் கத்தாதீர்கள் என்று அவள் கையைத் தூக்கியபோது கூடத்தின் கூரை போய்விடும் போல இருந்தது. எஃப்ரென் நாற்காலிமேல் திரும்பி உட்கார்ந்து, திரையை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெர்னெட்டா நடுவழியில் நின்றாள். இத்தனை வருஷமாகத் தெரு தன்னைப் பற்றி என்ன பேசியிருக்கும் என்று அவள் கற்பனை செய்து வைத்திருந்தது எல்லாம் ஒன்றுமில்லை. காது நீலமானது, ரேடியோ, சங்கிலி என்று ஒவ்வொன்றாக, அவள் பக்கமும் லமார் பக்கமும் பிரித்துப் பல தடவை பேசித் தேய்ந்த கதையாக அது வெளியே வந்துகொண்டிருந்தது. அவளுக்காக வாதாடியவர்களும் இருந்தார்கள். அதுவும் ஒரு கூச்சமாகத்தான் இருந்தது.

"வெர்னெட்டா, உக்காரு!" என்றாள் மிஸ் லுவீனியா. "திரைய மறைக்கிற."

உட்கார இடம் என்று ஒன்றுதான் காலியாக இருந்தது: முன்வரிசை மெத்தை நாற்காலி. அதில் போய் உட்கார்ந்தாள்.

படம் முடிந்த பிறகும் கத்தல் நிற்கவில்லை. ஆர்லீன் திறந்தாளா இல்லையா என்று படியிறங்கும்போதும் சண்டை, கீழே மீன் தட்டு வாங்கும்போதும் சண்டை. ஜொனெலை நான்கு பேர் சூழ்ந்துகொண்டு, நீயே சொல்லு என்றார்கள். அவள் சொல்ல மாட்டேன் என்று சிரித்தாள்.

வெர்னெட்டா அவளைக் காரச் சாஸ் பாட்டில்கள் வைத்திருந்த மேஜைக்குப் பக்கத்தில் தனியாகப் பிடித்தாள்.

"வெட்டுவியா?"

"வெட்ட மாட்டேன்."

"என்னைக் கேக்காம அந்தக் கதைய எடுத்துட்டியேன்னு நான் கோவப்படல. கோவப்பட எனக்கு முகமில்ல."

"கேட்டிருக்கணும் நான்" என்றாள் ஜொனெல். "கேட்டா நீங்க வேண்டாம்னிருப்பீங்க." தட்டில் ரொட்டித் துண்டைப் பிய்த்தாள். "ரெண்டாவது தடவை நல்லாத்தான் இருந்துச்சு ஆன்ட்டி. ஆனா ஆர்லீன் எங்க கேப்பான்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. தெரியாம இருக்கும்போது மிஸ் லுவீனியா முதல்ல என்ன சொல்லுவாங்கன்னு பாக்கத்தான் பின்னாடி உக்காந்தேன். அத இனிமே பாக்க முடியாது."

வெர்னெட்டா பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தாள். "வீட்டுக்குப் போலாமா? வண்டி எடுக்கட்டுமா?" என்றாள்.

"நான் மிஸ் லுவீனியாவோட போறேன். அவங்களுக்கு இன்னும் பேசணுமாம்."

ஜொனெல் போய்விட்டாள். சாப்பாட்டு அறையின் மறுபக்கம் லுவீனியா அவளுக்கு இடம் ஒதுக்கி, தன் தட்டிலிருந்து பெரிய மீன் துண்டை எடுத்து அவள் தட்டில் வைப்பது தெரிந்தது. வைத்துவிட்டு ஏதோ சொன்னாள். அந்த மேஜையே திரும்பி வெர்னெட்டாவைப் பார்த்துவிட்டுச் சிரித்தது.

வெர்னெட்டா தட்டோடு உட்கார்ந்ததும், டீக்கன் டிப்ஸ் எதிரே வந்து உட்கார்ந்தார். "சிஸ்டர், தப்பா நெனைக்காதீங்க. என் மச்சான்கிட்ட லமாரோட நம்பர் இருக்கு. ரேடியோவையாவது திருப்பிக் கேக்கலாம்."

"மீனைச் சாப்பிடுங்க டீக்கன்" என்றாள் வெர்னெட்டா.

அவளும் சாப்பிட்டாள். அடிக்கடி முள் தட்டியது. பாதியில் எழுந்து போனால் முதுகுக்குப் பின்னால் என்ன பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் கடைசித் துண்டுவரை உட்கார்ந்தே தின்றாள்; அவர்களோ அவள் உட்கார்ந்திருக்கும்போதே பேசினார்கள்.